திருப்பித் தரத்தக்கது

டெல்லியிலிருந்து வந்த சுற்றறிக்கையில் இரண்டே கட்டளைகள் இருந்தன. ஒவ்வொரு நிலையமும் நிதியாண்டு முடிவதற்குள் ஒரு வலைப்பூ தொடங்க வேண்டும். அந்த வலைப்பூவுக்கு வருகிறவர்கள் எடுத்துச் செல்ல ஒரு கோப்பாவது வைக்க வேண்டும்.

முதல் கட்டளையால் யாருக்கும் எந்தத் தீங்கும் நேரவில்லை.

கடலோரக் கிணற்றுநீர் ஆய்வு நிலையம் திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகும் சாலையில், ஒரு சவுக்குத் தோப்புக்கு முன்னால் இருந்தது. சுற்றுவட்டாரக் கிணறுகளில் உப்பு ஏறுகிறதா என்று கண்டறிவது அதன் வேலை. கண்டறிந்ததைக் கிணற்றுக்காரரிடம் சொல்ல வேண்டும் என்று எந்த உத்தரவிலும் இல்லை. ஆகவே சொன்னதில்லை. உப்பை அளக்கும் கருவி ஒன்று உண்டு. அது கெட்டுப்போகாமல் இருப்பதற்காகக் கிடங்கில் சீல் வைக்கப்பட்டிருந்தது. ஆண்டறிக்கைக்குப் போன வருட எண்களோடு கொஞ்சம் கூட்டிக்கொள்வார்கள். கடல் பக்கத்தில் இருக்கிறது. உப்பு கூடத்தானே செய்யும்.

2006 ஜனவரியில் ஒரு நாள், இயக்குநர் சுப்புராமன் தொழில்நுட்ப உதவியாளர் ஜெஸ்ஸியை அறைக்கு அழைத்தார்.

"வலைப்பூவ நீங்கதான் தொடங்கணும் மேடம்."

"எனக்கு அதெல்லாம் தெரியாது சார்."

"கம்ப்யூட்டர்ல தூத்துக்குடி ஆளோட பேசத் தெரியுது. இது தெரியாதா?"

அந்தத் தூத்துக்குடி ஆள் அவளுடைய கணவன் தாவீது. அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கல்யாணமாகி நான்கு வருடம் ஆகியிருந்தது. அதில் ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும் மட்டும் இருவரும் ஒரே வீட்டில் இருந்திருக்கிறார்கள். நான்கு வருடமும் விடாமல் விண்ணப்பித்ததில், தூத்துக்குடி நிலையத்துக்கு அவளுக்கு மாற்றல் உத்தரவு அந்த வாரம்தான் வந்திருந்தது. மார்ச் முடிவதற்குள் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் இடம் வேறு ஒருவருக்குப் போய்விடும்.

"என் மாற்றல் சார்..."

"வலைப்பூவ முடிச்சுக் குடுங்க. அன்னைக்கே விடுவிக்கிறேன். நான் என்ன, யாரையும் பிடிச்சு வச்சிருக்கிறவனா?"

அவர் யாரையும் பிடித்து வைத்ததில்லை. விட்டதும் இல்லை.

ஜெஸ்ஸி இரண்டு இரவு உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதினாள். கிணற்றில் உப்பு ஏறுவதை வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது. பருப்பு வேக நேரமாகிறதா, சோப்பு நுரைக்க மறுக்கிறதா, வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதா, தென்னை ஓலையின் நுனி கருகுகிறதா. இதெல்லாம் இருந்தால் மோட்டாரைத் தொடர்ந்து ஓட்டாமல் எப்படி விட்டு விட்டு ஓட்டுவது. படம் போட வேண்டியிருந்ததால் கையாலேயே எழுதி ஸ்கேன் செய்தாள். சுப்புராமன் படித்துப் பார்த்தார்.

"நல்லா புரியுதே," என்றார் கவலையாக. பிறகு கையெழுத்திட்டார்.

திறப்பு விழா வளர்பிறையில் ஒரு நல்ல நாளில் நடந்தது. கம்ப்யூட்டருக்கு மஞ்சள் குங்குமம் இட்டு, திரையின் குறுக்கே ரிப்பன் கட்டியிருந்தார்கள். புது வண்டிக்குச் செய்வது போல மவுஸை ஓர் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்ற வேண்டும் என்றார் கிடங்கு அதிகாரி கண்ணாயிரம். ஏற்றினார்கள். பழம் நசுங்கவில்லை. மவுஸ்தான் நின்றுபோனது. கிடங்கிலிருந்து வேறு மவுஸ் வாங்க மூன்று கையெழுத்து ஆயிற்று. அதற்குள் நல்ல நேரம் முடிந்துவிட்டது. ரிப்பன் வெட்டியது நல்ல நேரத்தில்தான் என்று குறிப்பில் எழுதிக்கொண்டார்கள்.

சுப்புராமன் பேசினார்.

"முப்பது வருஷமா இந்த நிலையம் இயங்குது. இந்த முப்பது வருஷத்துல இங்கேருந்து ஒரு தகவல்கூட வெளில போனதில்ல. அவ்வளவு பொறுப்பா இருந்திருக்கோம். இன்னைக்கு மேலிடம் சொன்னதால ஒண்ணே ஒண்ணை வெளில விடுறோம். பொதுமக்கள் அதைக் கவனமாப் பயன்படுத்தணும். பயன்படுத்தாம பத்திரமா வச்சிருந்தா இன்னும் நல்லது."

கைதட்டினார்கள். பிறகு கேசரி.

வலைப்பூவில் ஒரு சின்னக் குறை இருந்தது. நிலையத்துக்கென்றே ஒரு கம்பெனியிடம் செய்து வாங்கிய தமிழ் எழுத்துரு உண்டு. எதையும் அதில்தான் அடிக்க வேண்டும் என்பது விதி. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டர்களில் தமிழெல்லாம் கொம்பும் புள்ளியும் முளைத்த ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தது. அதற்காகப் பக்கத்தின் தலையில் ஓர் அறிவிப்பு வைத்தார்கள். எழுத்துகள் சரியாகத் தெரியாதவர்கள் கீழே உள்ள எழுத்துருவை இறக்கிக்கொள்ளவும். அந்த அறிவிப்பும் கொம்பு முளைத்தே தெரிந்தது.

ஜெஸ்ஸி இதைச் சொன்னபோது சுப்புராமன் தன் திரையைத் திருப்பிக் காட்டினார்.

"எனக்கு நல்லாத் தெரியுதே மேடம்."

இருந்தாலும் ஆட்கள் வந்தார்கள். புரியாத எழுத்துகளுக்கு நடுவே நீலமாக அடிக்கோடிட்ட இடத்தைச் சொடுக்கினால் ஏதாவது இறங்கும் என்பது திருப்போரூர் பிரவுசிங் சென்டர்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. இறங்கியது. ஜெஸ்ஸியின் கையெழுத்து மட்டும் எல்லா ஊரிலும் தமிழாகவே இருந்தது.

விழா நடந்த மறுநாள் காலையில் சுப்புராமன் வலைப்பூவைத் திறந்தார். கீழே ஒரு மூலையில் 'வருகையாளர்: 17' என்றிருந்தது. வாயிற்காவலர் எல்லப்பனைக் கூப்பிட்டு அனுப்பினார். எல்லப்பன் பக்கத்து ஊர்க்காரர். நிலையம் கட்ட நிலம் கொடுத்ததற்காக வேலை கிடைத்தவர்.

"எல்லப்பா, நேத்து உள்ள எத்தனை பேர் வந்தாங்க?"

"யாரும் வல்ல சார். தபால்காரரு மட்டும் வந்தாரு. அவரும் சைக்கிள வெளியவே வுட்டுட்டு வந்தாரு."

"பதினேழு பேர் வந்திருக்காங்க. இதோ பாரு."

எல்லப்பன் திரையருகே குனிந்து பார்த்தார்.

"என் கேட்டு வழியா வல்ல சார். பின்னால தோப்பாண்ட வேலி பிஞ்சிகீது. நானும் மூணு வருசமா எழுதிக் குடுத்துகினுதான் கீறேன். அந்தச் சந்துலதான் பூந்துருப்பானுங்க."

"வேலி வழியா இல்ல அண்ணே," என்றாள் ஜெஸ்ஸி. "போன் வயர் வழியா வாறாங்க."

எல்லப்பன் அவளையும் இயக்குநரையும் மாறி மாறிப் பார்த்தார். "வயரு வழியாவா? அப்ப அங்கயும் ஒரு ஆளப் போட்டுடணும் சார்."

போட்டார்கள். தொலைபேசிக் கம்பி சுவரில் நுழையும் இடத்தில் ஒரு நாற்காலி வந்தது. முறை வைத்து ஒருவர் அதில் உட்கார்ந்தார். இரவுப் பணிக்கு டார்ச் விளக்கு கொடுத்தார்கள்.

காவல் விதிகள் வலைப்பூவுக்கும் பொருந்தும் என்று உத்தரவு வந்தது. வருகிறவர் தன் பெயர், தகப்பனார் பெயர், முகவரி, யாரைப் பார்க்க வந்தார், கையில் என்ன கொண்டுவந்தார் என்பதைப் பின்னூட்டத்தில் எழுத வேண்டும். இதற்கான படிவத்தை மட்டும் ஜெஸ்ஸி கையால் எழுதி ஸ்கேன் செய்து வைத்தாள். மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை வலைப்பூ மூடப்பட்டிருக்கும். இரண்டாம் சனிக்கிழமை விடுமுறை. 'யாரைப் பார்க்க' என்ற இடத்தில் பலரும் என்ன எழுதுவதென்று தெரியாமல் 'சும்மா' என்று எழுதினார்கள். சும்மா என்ற பெயரில் இங்கே யார் வேலை செய்கிறார் என்று நிர்வாகப் பிரிவு ஜெஸ்ஸியிடம் விளக்கம் கேட்டது. பலர் இருக்கிறார்கள் என்று பதில் எழுதலாமா என்று யோசித்துவிட்டு, அவள் எழுதாமல் விட்டாள்.

அதன் பிறகுதான் கண்ணாயிரம் வந்தார்.

கண்ணாயிரம் இருபது வருடமாகக் கிடங்கு அதிகாரி. அவர் கையெழுத்தில்லாமல் ஒரு குண்டூசி வெளியே போனதில்லை. உள்ளே வந்த குண்டூசிகளும் பெரும்பாலும் அட்டையிலேயே துருப்பிடித்தன.

"மேடம், நம்ம பொருள் வெளில போகுதாமே?"

"பொருள் இல்ல சார். கோப்பு."

"எழுத மை செலவாச்சா? தாள் செலவாச்சா? அப்ப பொருள்தான். கேட் பாஸ் எங்க?"

கேட் பாஸ் இரண்டு வகை என்று அவர் பொறுமையாக விளக்கினார். திருப்பித் தரத்தக்கது, திருப்பித் தரத் தேவையில்லாதது. இரண்டாவது வகைக்கு டெல்லியின் அனுமதி வேண்டும். அனுமதி வர எத்தனை வருடம் ஆகும் என்று சொல்ல முடியாது. ஆகவே கோப்பு முதல் வகையில் சேர்க்கப்பட்டது. இறக்கிக்கொள்கிறவர் பதினைந்து நாளில் திருப்பித் தர வேண்டும்.

"இறக்கினத எப்படி சார் திருப்பித் தருவாங்க?"

"கொண்டு போனவங்களுக்குக் கொண்டு வரத் தெரியாதா?"

கேட் பாஸ் மூன்று தாள். மஞ்சள் கிடங்குக்கு, ரோஸ் வாயிலுக்கு, வெள்ளை பொருளை எடுத்துச் செல்கிறவருக்கு. வெள்ளைத் தாளைத் தபாலில் அனுப்பினார்கள். அது கிடைத்தவர் அதிலுள்ள எண்ணைப் பின்னூட்டத்தில் எழுதினால், எல்லப்பன் ரோஸ் தாளோடு ஒத்துப் பார்த்துத் தலையாட்டுவார். ஜெஸ்ஸி இணைப்பைத் திறந்துவிடுவாள். இணையத்தின் வேகம் பற்றி அப்போது பத்திரிகைகளில் நிறைய எழுதிக்கொண்டிருந்தார்கள். திருப்போரூரிலிருந்து ஒருவர் நான்கு பக்கத்தை இறக்கிக்கொள்ள எட்டு நாள் ஆனது. பஸ்ஸில் வந்தால் ஒரு மணி நேரம்.

இப்படியே பிப்ரவரி போயிற்று. சுமார் நாற்பது பேர் பொறுமையாக இறக்கிக்கொண்டார்கள். ஜெஸ்ஸி பெட்டியைக் கட்ட ஆரம்பித்தாள். வலைப்பூ முடிந்தது. கோப்பும் வைத்தாயிற்று. மாற்றல் உத்தரவோடு அவள் இயக்குநர் அறைக்குப் போனாள்.

"தாராளமாப் போங்க," என்றார் சுப்புராமன். "கண்ணாயிரத்துக்கிட்ட 'நிலுவை இல்லை'ன்னு ஒரு சான்று மட்டும் வாங்கிட்டு வந்துடுங்க."

கண்ணாயிரம் ஆண்டு இருப்புச் சரிபார்ப்பில் இருந்தார். ஜெஸ்ஸியைப் பார்த்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் நிலைமை மோசம் என்று எல்லாருக்கும் தெரியும்.

"மேடம், உங்க பேர்ல ஒரு கோப்பு இருப்பு இருந்துச்சு. சரியா?"

"ஆமா சார்."

"நாப்பது தடவைக்கு மேல வெளில போயிருக்கு. சரியா?"

"ஆமா."

"ஒண்ணுகூடத் திரும்பி வரல. இப்ப இருப்பு எத்தனை?"

"ஒண்ணு சார்."

"அதெப்படி?"

"அது அப்படித்தான் சார். எடுத்தாலும் குறையாது."

கண்ணாயிரம் அவளை இரக்கத்தோடு பார்த்தார்.

"மேடம், இருபது வருஷத்துல எவ்வளவோ குறைஞ்சிருக்கு. ஃபேன் குறைஞ்சிருக்கு. ஒரு தடவை ஜீப்பே குறைஞ்சுது. குறைஞ்சா எழுதித் தள்ளிடலாம். எலி கடிச்சுதுன்னு எழுதலாம், கடல் காத்துல கரைஞ்சுதுன்னு எழுதலாம். ஜீப்புக்கு அப்படித்தான் எழுதினோம். ஆனா மிச்சம் வந்தா? ஒரு பொருள் வெளில போனா உள்ள குறையணும். குறையலன்னா அது போகல. போகலன்னா நான் போட்ட கேட் பாஸ் எல்லாம் பொய். பொய் கேட் பாஸ்ல கையெழுத்து யாருது? என்னுது. எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு மேடம்."

ஜீப்புக்கு என்ன ஆனது என்று அவள் கேட்கவில்லை.

"இப்ப நான் என்ன செய்யணும் சார்?"

"போனதெல்லாம் திரும்பி வரட்டும். உடனே சான்று தர்றேன்."

அன்று சாயங்காலம் மாமல்லபுரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்திலிருந்து தாவீதுக்குப் போன் செய்தாள்.

"என்னைக்கு வாற?" என்றான் அவன். எப்போதும் முதலில் அதைத்தான் கேட்பான்.

"கோப்பு திரும்பி வரணுமாம்."

"எந்தக் கோப்பு?"

"ஆட்கள் இறக்கிக்கிட்ட கோப்பு. இருப்பு குறையலன்னு விட மாட்டேங்காங்க."

"ஏட்டி, கணக்கு வாத்தியார்ட்ட போய் இதச் சொல்லுதியே. ஒண்ணுல ஒண்ணு போனா சைபரு."

"இங்க ஒண்ணுல நாப்பது போயும் ஒண்ணு இருக்கு. அதான் குத்தமாம்."

"நான் இங்க ஒரு வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ் குடுத்துட்டேன்னு அவங்கட்ட சொல்லிப் பாரேன். மாடி வீடு. உனக்குப் பிடிக்கும்னு ஜன்னல் கடல் பக்கமாப் பாத்து எடுத்தேன்."

"குடுத்துட்டியளா?"

"குடுத்துட்டேன்."

அவள் பூத்தின் கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். வெளியே ஒருவர் கதவைத் தட்டி, "மேடம், சீக்கிரம் பேசிட்டு வாங்க," என்றார்.

திருப்பித் தரக் கோரும் அறிவிப்பை வலைப்பூவில் போட்டார்கள். அது கொம்பும் புள்ளியுமாகத் தெரிந்ததால் ஒருவரும் திருப்பித் தரவில்லை. ஆகவே எல்லாருக்கும் நினைவூட்டுக் கடிதம் போயிற்று. பழுப்பு உறை, அசோகச் சின்னம், கீழே கண்ணாயிரத்தின் நீண்ட கையெழுத்து. 'தாங்கள் இறக்கிச் சென்ற அரசுப் பொருளை உடனடியாக ஒப்படைக்காவிட்டால்' என்று வாக்கியம் தொடங்கியது. எப்படி முடிப்பது என்று சட்டப் பிரிவுக்குத் தெரியாததால் மூன்று புள்ளி வைத்து விட்டிருந்தார்கள். அந்த மூன்று புள்ளி நன்றாக வேலை செய்தது.

முதலில் வந்தவர் சின்னராசு. திருப்போரூருக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமம். நெல் போடுகிறவர், பக்கத்து நிலமெல்லாம் மனையாகிவிட்ட பிறகும். டி.வி.எஸ். ஐம்பதை நிறுத்திவிட்டு, கக்கத்தில் மஞ்சப்பையோடு உள்ளே வந்தார்.

"இன்னாமா இது, ரோதனையா கீது. சர்க்கார் கவரு வந்ததுலேர்ந்து வூட்டாண்ட ஒரே அழுவாச்சி. நிலத்த எட்த்துக்கப் போறாங்கன்னு எம் பொண்டாட்டி நாஸ்தாகூடத் துன்னாம குந்திகினு கீறா. இந்தா, ஒங்க பேப்பரு."

கண்ணாயிரம் வாங்கிப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

"இதுல சாம்பார் கறை இருக்கு."

"அடுப்பாண்ட வச்சிதான சார் படிக்கணும்? பருப்பு வேவுதா இல்லியான்னு வேற எங்க போய்ப் பாக்கறது?"

"குடுத்தது ஒண்ணு. இது மூணு இருக்கே?"

"ஜெராக்ஸு சார். ஒண்ணு என் மச்சான் வூட்ல வச்சிருந்தான். ஒண்ணு எதிர் வூடு. மாடு ஒங்களுதுன்னா அது போட்ட கன்னும் ஒங்களுதுதான? சர்க்கார் சொத்து நமக்கு எதுக்கு பேஜாரு. எல்லாத்தியும் எண்ணி எட்த்துக்கங்க."

ஒன்று கொடுத்து மூன்று திரும்பி வருவதற்கு ரசீதுப் புத்தகத்தில் இடமே இல்லை. கண்ணாயிரம் நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்குத் தண்ணீர் கொடுத்தார்கள்.

சின்னராசு போவதற்கு முன் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து ஜெஸ்ஸியிடம் நீட்டினார். "வந்தது வந்தேன், எங்க கெணத்துத் தண்ணி. நீ எழுதுனாமாரியே சோப்பு நொரைக்கல. உப்பு ஏறிட்ச்சா சொல்லு."

"உள்ள வர்ற பொருளுக்கும் பாஸ் வேணும்," என்றார் கண்ணாயிரம், கண்ணை மூடியபடி.

ஜெஸ்ஸி சின்னராசுவைக் கேன்டீன் பக்கம் கூட்டிப்போய், அங்கிருந்த துணிச் சோப்பைப் பாட்டிலில் போட்டுக் குலுக்கிப் பார்த்தாள். பிறகு, "இன்னும் முழுசா ஏறல அண்ணே. காலையில ரெண்டு மணி நேரம், சாயங்காலம் ரெண்டு மணி நேரம் மட்டும் மோட்டார் போடுங்க. நடுவுல ஊற விடுங்க. பக்கத்து மனைக்காரங்க போர் போட்டா மட்டும் வந்து சொல்லுங்க," என்றாள். சின்னராசு சரி என்று தலையாட்டினார். முப்பது வருடத்தில் அந்த நிலையம் ஒரு கிணற்றுக்காரருக்குச் சொன்ன முதல் தகவல் அது. கேட் பாஸ் இல்லாமல் போயிற்று.

சின்னராசு ஊருக்குப் போய்ச் சொன்னது வேறு மாதிரி பரவியது. பேப்பரைக் கொடுத்தால் நிலத்தைத் தொட மாட்டார்கள், தண்ணீரும் பார்த்துச் சொல்கிறார்கள் என்று பரவியது. மறுநாளிலிருந்து ஷேர் ஆட்டோக்களில் வந்து இறங்கினார்கள். இறக்கிக்கொண்டவர்கள், ஜெராக்ஸ் எடுத்தவர்கள், ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்தவர்கள். எதற்கும் இருக்கட்டும் என்று பயந்து, புதிதாக ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வந்தவர்களும் இருந்தார்கள். கையில் ஆளுக்கொரு பாட்டில். ஆய்வுக்கூடம் முழுவதும் தாள் நிரம்பியது. எல்லாவற்றிலும் ஜெஸ்ஸியின் கையெழுத்து. போகப் போக மங்கிக்கொண்டே வந்து, கடைசிக் கட்டில் இருந்தவை வெற்றுத் தாள் போலவே இருந்தன. அவற்றுக்கும் ரசீது கொடுத்தார்கள்.

மார்ச் இருபத்தொன்பதாம் தேதி ஜெஸ்ஸி மறுபடி இயக்குநர் அறையில் நின்றாள். கண்ணாயிரம் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் மூன்று நாளாகக் கண்ணாடியைப் போடவே இல்லை.

"எல்லாம் திரும்பி வந்துருச்சு சார்."

"வந்துருச்சு," என்றார் கண்ணாயிரம். "அதுக்கு மேலயும் வந்துருச்சு. சான்று தர முடியாது."

"குறையலன்னு முடியாதுன்னீங்க. இப்ப கூடினாலும் முடியாதா? எவ்வளவு இருந்தா விடுவீங்க?"

"சரியா இருந்தா."

"எது சார் சரி?"

"அதைத்தான் டெல்லிக்கு எழுதிக் கேட்டிருக்கோம்," என்றார் சுப்புராமன். பிறகு குரலைத் தாழ்த்தினார். "மேடம், மனசு விட்டுச் சொல்றேன். கோப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். நீங்க போனா என் நிலையத்துல ஒரு ஆள் குறையும். ஆள் குறைஞ்சா அந்தப் பணியிடத்தை டெல்லிக்காரன் ரத்து பண்ணிடுவான். ஒரு பணியிடம் போனா நாளைக்கு ஒரு அறை போகும். அறை போனா ஏ.சி. போகும். நான் ரிட்டயர் ஆக இன்னும் ஒரு வருஷம் இருக்கு. நான் உங்களைப் பிடிச்சு வைக்கல. நீங்க போகலாம். குறையக் கூடாது, அவ்வளவுதான்."

ஜெஸ்ஸி அழுதுவிடக் கூடாது என்று கண்ணாயிரத்தின் மடியில் இருந்த கேட் பாஸ் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மஞ்சள், ரோஸ், வெள்ளை. அப்படிப் பார்த்துக்கொண்டே இருந்ததில் அவளுக்கு அழுகை நின்றுபோனது.

"சார், அந்தக் கோப்பு எத்தனையோ ஊருக்குப் போச்சு. இங்க குறைஞ்சுதா?"

"குறையல. அதான் பிரச்சினை."

"அது மாதிரியே நானும் போறேன் சார். இருப்புல ஒண்ணுன்னே வச்சிக்கங்க."

சுப்புராமன் நிமிர்ந்தார். கண்ணாயிரம் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டினார்.

"திருப்பித் தரத்தக்கதுல போட்டா," என்றார் கண்ணாயிரம் மெதுவாக, "இருப்புலேர்ந்து கழிக்க வேண்டியதில்ல சார். பொருள் வெளில இருந்தாலும் நம்ம பேர்லதான் இருக்கும். ஆளும் குறையாது. அங்கயும் ஒரு ஆள் போய்ச் சேர்ந்துடும்."

"பதினஞ்சு நாள்தானே?" என்றார் சுப்புராமன்.

"புதுப்பிச்சுக்கலாம் சார். எத்தனை தடவைன்னு விதியில சொல்லல."

"அப்ப அந்தக் கூடுதல் தாள்?"

"மேடம் திரும்பி வந்த பிறகு சேர்த்துச் சரி பாத்துக்கலாம்." அவர் முகத்தில் இருபது வருடத்தில் யாரும் பார்க்காத வெளிச்சம் வந்திருந்தது.

அப்போதே எழுதினார். பொருள்: ஜெஸ்ஸி, தொழில்நுட்ப உதவியாளர். அளவு: ஒன்று. நிலை: நல்ல நிலை. உடன் செல்வது: பெட்டி ஒன்று, வாளி ஒன்று. பெறுபவர்: தூத்துக்குடி நிலையம். வகை என்ற இடத்தில் 'திருப்பித் தரத்தக்கது' என்று எழுதி, அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டார்.

மறுநாள் காலையில் வழியனுப்பு விழா நடந்தது. சுப்புராமன் பேசினார்.

"மேடம் நம்மைவிட்டுப் போறாங்கன்னு சிலர் சொல்றாங்க. அது தவறு. அவங்க இங்கேயே இருந்துகிட்டுப் போறாங்க. முப்பது வருஷத்துல நாம வெளில விடுற ரெண்டாவது பொருள் இது. முதல் பொருள் பல மடங்காத் திரும்பி வந்து நம்ம நிலையத்துக்குப் பெருமை சேர்த்துச்சு. இந்த முறையை எல்லாப் பிரிவுலயும் கொண்டு வரலாம்னு எனக்கு ஒரு யோசனை இருக்கு. நாம எல்லாருமே வெளில போயிட்டாலும் நிலையம் குறையாம நடக்கும்னு இப்ப தெரிஞ்சுபோச்சு."

கைதட்டினார்கள். மறுபடியும் கேசரி.

வாயிலில் எல்லப்பன் ரோஸ் தாளை வாங்கிக்கொண்டார். பொருளைத் தாளோடு ஒத்துப் பார்ப்பது அவர் வேலை. பெட்டியைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார். பிறகு ஜெஸ்ஸியை மேலிருந்து கீழ் வரை பார்த்தார்.

"அளவு ஒண்ணு. சரியா கீது." முத்திரையை ஊதிக் குத்தினார். "நெலம நல்லா கீதுன்னு போட்டுகீறாங்க. ராத்திரி தூங்கினாமாரி தெரியலியே மேடம்?"

"ரயில்ல தூங்கிக்கிறேன் அண்ணே."

தூரத்தில் செங்கல்பட்டு பஸ் தெரிந்தது. எல்லப்பன் வாளியைத் தானே தூக்கிக்கொண்டு சாலை வரைக்கும் வந்தார். திரும்பி நிலையத்தைப் பார்த்தார். கம்பி நுழையும் இடத்து நாற்காலியில் பகல் முறைக்காரர் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

"மேடம், இதுல திருப்பித் தரணும்னு எழுதிகீது."

"ஆமா."

"அவசரமே இல்ல. ஆனா வந்தீங்கன்னா அந்த சின்னராசு பேப்பரு மாரி வாங்க." பஸ் வந்து நின்றது. எல்லப்பன் வாளியைப் படியில் ஏற்றி வைத்தார். "ஒண்ணா போயி, மூணா."